மேடையில் பிடில் வாசிக்க எந்த ஆம்ப் வாங்குவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் புரியும். கர்நாடக வயலின் முறையாகக் கற்றிருக்கிறீர்கள். இப்போது நண்பர்களோடு ஒரு ஃப்யூஷன் குழு. கீபோர்டு, பேஸ் கிட்டார், டிரம்ஸ், மிருதங்கம், கூடவே உங்கள் வயலின். கல்யாண ரிசப்ஷன், கல்லூரி விழா, எப்போதாவது கோயில் திருவிழா என்று வாய்ப்புகள் வருகின்றன. ஒத்திகையில் டிரம்ஸ் ஆரம்பித்தால் நீங்கள் வாசிப்பது உங்களுக்கே கேட்பதில்லை. பிரிட்ஜில் செருகுகிற காண்டாக்ட் மைக் ஒன்று வைத்திருக்கிறீர்கள். தம்பியின் கிட்டார் ஆம்ப் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதுவே போதுமா, இல்லை நூறு வாட்ஸில் புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா, வாங்கினால் எந்த கம்பெனி என்று கேட்கிறீர்கள்.

வாட்ஸுக்கும் கம்பெனிக்கும் பதில் கீழே வருகிறது. ஆனால் என் முக்கியமான கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேடையில் வயலின் ஒலி கெட்டுப்போவது பெரும்பாலும் ஆம்புக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே. பிரிட்ஜிலிருந்து கிளம்பும் சிக்னல் சரியாக இல்லையென்றால், லட்ச ரூபாய் ஆம்ப் அந்தக் கெட்ட ஒலியை இன்னும் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான். கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு பிக்கப்புக்கும் (வாத்தியத்தின் அதிர்வை மின் சிக்னலாக்குவது, உங்கள் காண்டாக்ட் மைக் அந்த வகை) ப்ரீஆம்புக்கும் (ஆம்புக்கு முன்னால் அந்தச் சிக்னலைத் தயார்செய்யும் சின்னப் பெட்டி) போகட்டும். ஆம்ப் அதற்கு அப்புறம்.

சத்தம் போதவில்லை என்பது நம் வயலினுக்குப் புதிய பிரச்சினையும் இல்லை. மைக் பரவலாவதற்கு முந்தைய காலத்தில் பெரிய கூடங்களில் பக்கவாத்தியமாக வாசித்த மைசூர் சௌடையா, தன் வாத்தியத்தின் நாதம் கடைசி வரிசை வரை போக வேண்டும் என்றுதான் ஏழு தந்தி வயலினைக் கொண்டுவந்தார். பின்னால் குன்னக்குடி வைத்தியநாதன் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடு சேர்ந்து வாசித்து ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்தார். தவில் பக்கத்தில் மைக் இல்லாத பிடில் எடுபடுமா? அவர்களுக்கு இருந்த அதே சிக்கல்தான் டிரம்ஸுக்குப் பக்கத்தில் உட்காரும் உங்களுக்கும்.

சரி, பிக்கப்பிலிருந்து தொடங்குவோம். உங்களிடம் இருப்பது அனேகமாக பீசோ வகை. பிரிட்ஜின் அதிர்வை நேரடியாக மின்சாரமாக மாற்றும் சின்ன படிகத் துண்டு அது. பீசோவுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: அது மின்சுற்றில் ஒரு கெபாசிட்டர் போல நடந்துகொள்ளும். அதை எந்த சாக்கெட்டில் செருகுகிறீர்களோ, அந்த சாக்கெட்டின் இன்புட் இம்பீடன்ஸை (சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை, ஓமில் அளப்பது) பொறுத்து கீழ்ஸ்தாயி முழுவதும் வரும் அல்லது வெட்டுப்படும். கணக்காகவே பார்க்கலாம். பிக்கப்பின் கெபாசிட்டன்ஸ் ஒரு நானோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மெகாஓம் இன்புட்டில் செருகினால் வெட்டு சுமார் 16 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்கும், அதாவது வயலினுக்கு எந்த நஷ்டமும் இல்லை. 1 மெகாஓம் என்றால் 160 ஹெர்ட்ஸ் பக்கம். அது பரவாயில்லை. வாடகை சவுண்ட் சர்வீஸ்காரர் தரும் சாதாரண பாஸிவ் டிஐ பாக்ஸில் (வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும், தனி மின்சாரம் தேவைப்படாத பெட்டி) 140 கிலோஓம் போல இருக்கும். அதில் செருகினால் 1,100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் குறைய ஆரம்பித்துவிடும். மிக்ஸரின் லைன் இன்புட்டில், 10 கிலோஓமில், நேராகச் செருகினால் வெட்டு 16,000 ஹெர்ட்ஸுக்கே போய்விடும். பிக்கப்புக்குப் பிக்கப் இந்த எண்கள் மாறும், ஆனால் போக்கு இதுதான்.

இதன் அர்த்தம் என்ன? மேற்கத்திய சேர்க்கையில் வயலினின் நான்கு தந்திகள் 196, 294, 440, 659 ஹெர்ட்ஸ். நம் ஸ-ப-ஸ-ப சேர்க்கையில் ஐந்து கட்டை சுருதி என்றால் மந்தர ஷட்ஜம் அதே 196. சுருதி இறங்க இறங்க அதற்கும் கீழே போகும். ஆக, தவறான சாக்கெட்டில் செருகினால் உங்கள் மந்தர ஸ்தாயி முழுக்கவும் மத்திய ஸ்தாயியில் பெரும்பகுதியும் மெலிந்துவிடும். மிஞ்சுவது வில் உரசும் சத்தமும், கிறீச்சென்ற மேல்பகுதியும். "காண்டாக்ட் மைக் போட்டாலே பிளாஸ்டிக் மாதிரி கேட்குது" என்று ரசிகர்கள் குறைபடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த ஒன்றுதான் என்பது என் அனுபவம். பிக்கப்பைக் குற்றம் சொல்வார்கள், வயலினைக் குற்றம் சொல்வார்கள், சில சமயம் வாசிப்பவரையே குற்றம் சொல்வார்கள். தவறு அந்த சாக்கெட்டில் இருக்கும்.

இதற்கு மருந்து, பீசோவுக்கென்றே செய்யப்பட்ட ப்ரீஆம்ப். எல்.ஆர். பேக்ஸ் நிறுவனத்தின் பாரா அக்கூஸ்டிக் டிஐ பல காலமாக மேடைகளில் இருக்கிறது. 10 மெகாஓம் இன்புட், 9 வோல்ட் பேட்டரியிலும் ஓடும், மிக்ஸரிலிருந்து கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் ஃபான்டம் பவரிலும் ஓடும். ஒரு குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் குறைக்க நாட்ச் ஃபில்டர், சிக்னலைத் தலைகீழாக்க ஃபேஸ் ஸ்விட்ச் இரண்டும் இருக்கின்றன. ஃபிஷ்மேனின் பிளாட்டினம் ப்ரோ ஈக்யூவும் இதே வேலைக்கு வந்தது, கூடவே ட்யூனரும் உண்டு. இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கலாம். வேறு கம்பெனி என்றால் விவரப் பட்டியலில் இன்புட் இம்பீடன்ஸ் குறைந்தது 1 மெகாஓம், முடிந்தால் 10 மெகாஓம் இருக்கிறதா என்று பாருங்கள். நாட்ச் ஃபில்டர், ஃபேஸ் ஸ்விட்ச், எக்ஸ்எல்ஆர் அவுட்புட் (மூன்று முள் மைக் கேபிள் செருகுவது) மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் இருந்தால் நல்லது என்ற வகைதான்.

இப்படி ஒரு ப்ரீஆம்ப் உங்கள் பையில் இருந்தால் எந்த ஊருக்குப் போனாலும் உங்கள் ஒலி உங்களோடு வரும். சவுண்ட்காரரிடம் எக்ஸ்எல்ஆர் கேபிளை மட்டும் வாங்கிச் செருகிக்கொண்டால் போதும். கீபோர்டுக்கு என்ன தருகிறாரோ அதையே உங்களுக்கும் தருவார். பீசோவிலிருந்து ப்ரீஆம்ப் வரை போகிற கேபிளை மட்டும் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மீட்டருக்குள். அந்தப் பகுதிதான் இரைச்சலை இழுக்கும். அதற்குப் பிறகு எக்ஸ்எல்ஆர் எவ்வளவு நீளம் போனாலும் கவலை இல்லை.

பிக்கப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஃபிஷ்மேன் வி-200 பிரிட்ஜின் பக்கவாட்டுப் பிளவில் உட்காரும். ஒலி தெளிவாகவும் சற்று முன்னால் தள்ளியும் வரும், டிரம்ஸோடு வாசிப்பவருக்கு அது லாபம். ரியலிஸ்ட் என்பது பிரிட்ஜின் காலுக்கு அடியில் வைக்கும் மெல்லிய செப்புத் தகடு. கொஞ்சம் இருண்ட, கனமான நாதம் தரும், ஆனால் சத்தம் அதிகமுள்ள மேடையில் சீக்கிரம் கூவும் (ஃபீட்பேக்). எல்.ஆர். பேக்ஸில் பிக்கப் பிரிட்ஜுக்குள்ளேயே இருக்கும், அதைப் பொருத்த நல்ல வயலின் ரிப்பேர்க்காரர் வேண்டும். பிரிட்ஜைத் தொடவே மனமில்லை என்றால், ஹெட்வே நிறுவனத்தின் பேண்ட் என்ற பட்டை வயலினின் இடுப்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும், வேண்டாதபோது கழற்றிவிடலாம். உங்கள் குழுவுக்கு நான் வி-200 பக்கம்தான் சாய்வேன். இப்போது இருக்கிற மைக்கையும் தூக்கி எறிய வேண்டாம். முதலில் சரியான ப்ரீஆம்பில் போட்டுக் கேளுங்கள். பல சமயம் அதுவே போதுமானதாக இருக்கும்.

கிளிப் மைக் வேண்டாமா என்று கேட்பீர்கள். டென்மார்க்கின் டிபிஏ 4099 போன்ற சின்ன கண்டென்சர் மைக்குகள் வயலினின் விளிம்பில் கவ்விக்கொள்ளும். ஒலித் தரத்தில் பீசோ அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. மரத்தின் நாதம், காற்றின் நாதம் எல்லாம் வரும். மிருதங்கம், கடத்தோடு மட்டும் வாசிக்கிற கச்சேரிக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் உங்கள் மேடையில் டிரம்ஸ் இருக்கிறது. மைக்குக்கு வயலின் மட்டும் கேட்காது, பின்னால் அடிக்கிற சிம்பலும் கேட்கும், எதிரில் வைத்த ஸ்பீக்கரும் கேட்கும். சத்தத்தை ஏற்றியதும் கூவல் கிளம்பிவிடும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் உண்டு: மானிட்டருக்கு (மேடையில் வாசிப்பவர் காதுக்கான ஸ்பீக்கர்) பீசோ, அரங்குக்கு மைக்கும் பீசோவும் கலந்து. அது இரண்டாவது, மூன்றாவது வருடத்து யோசனை. ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே நினைவில் வையுங்கள். அந்த வகை மைக்குகளுக்கு முழு 48 வோல்ட் ஃபான்டம் வேண்டும். சில அக்கூஸ்டிக் ஆம்ப்களில் மைக் சேனலில் 24 வோல்ட்தான் வரும், சிலவற்றில் ஃபான்டமே கிடையாது. நாளைக்கு மைக் வாங்கும் எண்ணம் இருந்தால் இன்றைக்கு ஆம்ப் வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள்.

இப்போது ஆம்ப். அது யாருக்குக் கேட்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்களுக்குக் கேட்கவா, கூட்டத்துக்குக் கேட்கவா? ரிசப்ஷன் மண்டபத்திலும் கல்லூரி விழாவிலும் திருவிழாவிலும் சவுண்ட் சர்வீஸ் ஏற்கெனவே இருக்கும், பெரிய ஸ்பீக்கர்கள் நிற்கும். கூட்டத்துக்குக் கேட்க வைப்பது அவர்கள் வேலை. அங்கே உங்கள் ஆம்ப் உங்கள் காதுக்கும், அதிகபட்சம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கும்தான். அந்த வேலைக்கு 60 வாட்ஸ் போதும். ஒத்திகை அறைக்கும், ஐம்பது அறுபது பேர் உட்காரும் வீட்டு நிகழ்ச்சிக்கும் அதே ஆம்ப் தாங்கும். சவுண்ட் சர்வீஸே இல்லாத இடத்தில் முந்நூறு பேருக்கு வாசிக்க வேண்டும் என்றால் கதை வேறு, அதற்கு ஆம்பை விட்டுவிட்டு, உள்ளேயே ஆம்ப் உள்ள ஆக்டிவ் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். அதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 60 வாட்ஸை 120 ஆக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு "கொஞ்சம் ஏறியிருக்கு" என்று தோன்றும் அளவு அது. இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதற்குப் பதிலாக, ஆம்பை இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து ஒரு மீட்டர் தூரத்துக்கு நகர்த்தினால் 6 டெசிபல் வரை சும்மாவே கிடைக்கிறது. நூறு வாட்ஸ் ஆம்பைத் தரையில் முழங்கால் பக்கம் பார்த்து வைத்துவிட்டுக் கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவதைவிட, அறுபது வாட்ஸ் ஆம்பைச் சற்றுச் சாய்த்து முகத்தைப் பார்க்க வைப்பது எத்தனையோ மேல்.

தம்பியின் கிட்டார் ஆம்ப் விஷயம். எலக்ட்ரிக் கிட்டார் ஆம்பில் பொதுவாக ஒரே ஒரு பெரிய ஸ்பீக்கர், 10 அல்லது 12 அங்குலம். ட்வீட்டர் (மேல்பகுதி ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கிடையாது. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சரசரவென்று இறங்கிவிடும். அது குறை என்று சொல்ல மாட்டேன், எலக்ட்ரிக் கிட்டாருக்கு அதுதான் வேண்டும், ஆம்பும் அந்த வாத்தியத்தின் ஒரு பாகம். வயலினைப் போட்டால் மூக்கடைத்த மாதிரி கேட்கும், வயலினுக்கே உரிய அந்த மேல்பளபளப்பு போய்விடும். ஆனால் ஒன்று: ஜான் லூக் போன்ட்டி, மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் ஜெர்ரி குட்மேன் போன்ற வயலின்காரர்கள் 1970களில் கொண்டுவந்த மின்வயலின் ஒலி உங்களுக்குப் பிடித்திருந்தால், வாவா பெடலும் டிஸ்டார்ஷனும் போட்டு வாசிக்க ஆசை இருந்தால், கிட்டார் ஆம்ப்தான் சரியான ஆம்ப். அப்போதும் நடுவில் ப்ரீஆம்ப் வேண்டும். உங்கள் கேள்வியில் "வயலின் வயலின் மாதிரியே கேட்கணும்" என்று எழுதியிருந்ததால் அதை ஒதுக்கிவைக்கிறேன். ப்ரீஆம்ப் வாங்கிய அன்றே புது ஆம்பும் வாங்க முடியாவிட்டால், இரண்டு மாதம் ஒத்திகைக்கு அந்த ஆம்பையே பயன்படுத்துங்கள், தப்பில்லை.

உங்களுக்கு வேண்டியது அக்கூஸ்டிக் ஆம்ப். ஊஃபரும் (கீழ்ஸ்தாயிக்கான பெரிய ஸ்பீக்கர்) ட்வீட்டரும் தனித்தனியாக இருக்கும், ஒலியை நிறம் மாற்றாமல் பெருக்கித் தரும். இந்த வகையில் நான் முதலில் சொல்வது ஃபிஷ்மேன் லவுட்பாக்ஸ் மினி. 60 வாட்ஸ், ஆறரை அங்குல ஊஃபர், ஒரு அங்குல ட்வீட்டர், ஏறக்குறைய ஒன்பது கிலோ. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போக முடியும். உள்ளேயே சார்ஜ் செய்துகொள்ளும் பேட்டரியோடு மினி சார்ஜ் என்றும் ஒன்று உண்டு. ஒரு படி மேலே லவுட்பாக்ஸ் ஆர்ட்டிஸ்ட்: 120 வாட்ஸ், எட்டு அங்குல ஊஃபர். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் வாட்ஸைவிட ஊஃபர் அளவுக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன், மந்தர ஸ்தாயி அதில் நன்றாக உட்காரும். ரோலண்ட் ஏசி-60 இரண்டு ஸ்பீக்கரோடு ஸ்டீரியோவாக, பக்கத்துக்கு 30 வாட்ஸ் தரும். கோரஸும் ரிவெர்பும் அதில் இனிமையாக இருக்கும். அதன் சின்னத் தம்பி ஏசி-33, எட்டு ஏஏ பேட்டரியிலும் ஓடும். தெருவிலோ கடற்கரையிலோ நாலு பேர் உட்கார்ந்து வாசிக்க நல்லது, டிரம்ஸுக்கு முன் நிற்காது.

ஜெர்மனியின் ஏஇஆர் காம்பாக்ட் 60 தனி ஜாதி. ஆறரை கிலோ எடை, எட்டு அங்குல ஸ்பீக்கர், 60 வாட்ஸ்தான், ஆனால் கேட்டுப் பார்த்தால் அந்த எண்ணை நம்பத் தோன்றாது. கமகத்தின் ஒவ்வொரு அசைவும் துல்லியமாக வரும். விலை இங்கே லட்சத்தைத் தாண்டிவிடும். வாழ்நாள் தொழிலாக வயலினை வைத்துக்கொள்ளப் போகிறவருக்குத் தாராளமாகச் சொல்வேன். மாதம் ஒரு நிகழ்ச்சி வாசிக்கும் குழுவுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

நான் சொன்ன ஆக்டிவ் ஸ்பீக்கர் வழி பலருக்குத் தோன்றுவதில்லை. ப்ரீஆம்ப் ஏற்கெனவே இருக்கிறது என்றால், அதன் எக்ஸ்எல்ஆர் அவுட்புட்டை யமஹா டிபிஆர்10 போன்ற பத்து அங்குல பவர்டு ஸ்பீக்கரில் நேராகச் செருகினால் அதுவே ஆம்ப். பத்தரை கிலோ எடை. பக்கவாட்டில் படுக்க வைத்தால் மேடை மானிட்டர், ஸ்டாண்டில் ஏற்றினால் சின்ன மண்டபத்துக்கு முழு சவுண்ட் சிஸ்டம். டிரம்ஸோடு வாசிப்பவருக்கு 60 வாட்ஸ் அக்கூஸ்டிக் ஆம்பைவிட இதில் நிறைய மூச்சு இருக்கிறது. போஸ் எஸ்1 ப்ரோ பேட்டரியோடு ஏழு கிலோவில் வருகிறது, திருவிழாவில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாத இடத்துக்கு வசதி. குறை என்னவென்றால், இவற்றில் ஈக்யூ (அலைவரிசைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி) எளிமையாக இருக்கும், ரிவெர்ப் இருக்கலாம் இல்லாமலும் போகலாம். எல்லாம் ப்ரீஆம்பிலேயே சரிசெய்ய வேண்டும். உங்கள் குழுவின் அமைப்பைப் பார்த்தால் நான் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்: நல்ல ப்ரீஆம்ப், ஒரு பத்து அங்குல ஆக்டிவ் ஸ்பீக்கர். நாளைக்குக் குழுவில் யாராவது பாட ஆரம்பித்தால் அவருக்கும் அதே ஸ்பீக்கர் உதவும்.

காதுக்குள் வைக்கும் இன்-இயர் மானிட்டரையும் யோசியுங்கள். பெஹ்ரிங்கர் பி2 போல இடுப்பில் மாட்டும் சின்ன ஹெட்போன் ஆம்ப், நல்ல இயர்போன், மிக்ஸரிலிருந்து ஒரு கேபிள். நாம் உட்கார்ந்த இடத்தை விட்டு நகர்வதில்லை, வயர்லெஸ் தேவையே இல்லை. மேடைச் சத்தம் குறையும், கூவல் குறையும், காதும் பிழைக்கும். வயலின்காரர்களுக்கு டிரம்ஸ் பக்கத்தில் உட்காரும்போது காது ஆரோக்கியம் சின்ன விஷயம் இல்லை. அருகிலிருந்து கேட்டால் டிரம்ஸ் 100 டெசிபலை எளிதில் தாண்டும், வயலினோ காதருகிலேயே கணிசமான சத்தம் போடும் வாத்தியம்.

கூவலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் உட்காரும் முறை வேறு. மேற்கத்தியர்கள் நின்றுகொண்டு தாடையில் வைத்து வாசிப்பதை நினைத்துத்தான் ஆம்ப் வைக்கும் யோசனைகளை எழுதியிருப்பார்கள். நாம் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வைக்கிறோம். மேல்பலகை முன்னாலும் பக்கவாட்டிலும் பார்த்து நிற்கிறது, தரையில் வைத்த மானிட்டருக்கு நேர் எதிரில், அதுவும் ரொம்பக் கிட்டத்தில். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி பலகையை அதிரவைக்கும், அந்த அதிர்வு பிக்கப்புக்குள் போகும், திரும்ப ஸ்பீக்கருக்கு வரும், கூவ ஆரம்பிக்கும். அதனால் மானிட்டரை நேர் முன்னால் வைக்காமல், உங்கள் இடது பக்கத்தில் சற்று முன்னால், காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். ஸ்பீக்கர் பலகையைப் பார்க்கக் கூடாது, காதைப் பார்க்க வேண்டும். மரப்பலகை மேடை என்றால் ஆம்புக்கு அடியில் தடித்த ரப்பரோ மடித்த ஜமுக்காளமோ போடுங்கள். மேடையே அதிர்ந்து கணுக்கால் வழியாக வயலினுக்கு ஏறுவதும் உண்டு.

அப்படியும் கூவினால் உடனே சத்தத்தைக் குறைக்காமல், முதலில் ஃபேஸ் ஸ்விட்சைத் தட்டிப் பாருங்கள். பாதி நேரம் அதுவே போதும். அடுத்தது நாட்ச். வயலின் பெட்டிக்குள் இருக்கும் காற்று சுமார் 270, 280 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும். மரத்தின் முக்கியமான அதிர்வுகள் 400 முதல் 600 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். தாழ்ந்த குரலில் ஊளையிட்டால் முதல் இடத்தில் தேடுங்கள், நடுத்தரமாகக் கூவினால் இரண்டாவதில். நாட்சை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் சட்டென்று அடங்கும். அந்த இடத்தைக் குமிழின் மேல் ஒரு பென்சில் கோடாகப் போட்டுவையுங்கள். வயலின் மாறாதவரை அது பெரிதாக மாறாது.

ஈக்யூவில் என் பழக்கம் இது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவேன், அங்கே வயலினுக்குச் சொந்தமானது ஒன்றும் கிடையாது, பேஸ் கிட்டாரும் கால் தட்டுகிற சத்தமும்தான். 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் பீசோ கடிக்கும், அதை மூன்று நான்கு டெசிபல் இறக்குவேன். 6,000க்கு மேல் வில்லின் சரசரப்பு, ரோஸின் அதிகம் போட்ட அன்று அது கூடவே கேட்கும். அதையும் கொஞ்சம். எதையும் ஏற்ற வேண்டாம், வேண்டாததை இறக்கினாலே வேண்டியது மேலே வந்துவிடும். தனியாக உட்கார்ந்து அழகாகச் செட் செய்த ஒலி குழுவோடு சேரும்போது காணாமல் போகும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். கீபோர்டும் கிட்டாரும் அதே நடுப்பகுதியைத்தான் பிடிக்கப் பார்க்கும். கடைசி செட்டிங்கை எல்லாரும் வாசிக்கும்போது செய்யுங்கள்.

ரிவெர்ப் கொஞ்சம் வேண்டும். பீசோவில் காற்றே இருக்காது, வறண்டு கேட்கும். ஆனால் நம் சங்கீதத்தின் உயிர் கமகத்தில் இருக்கிறது. ரிவெர்ப் அதிகமானால் ஒரு ஸ்வரத்தின் வால் அடுத்த ஸ்வரத்தின் மேல் விழுந்து, தோடியின் காந்தாரம் எது, அதன் அசைவு எது என்று தெரியாமல் குழம்பிவிடும். விரைவான சங்கதி ஒன்றை வாசித்து, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழும் அளவுக்கு மேல் போகாதீர்கள். சினிமா மெலடி வாசிக்கும்போது ஏற்றிக்கொள்ளலாம், ராகம் வாசிக்கும்போது இறக்கிவிடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வரும்போது ஆம்ப் கொண்டுவரச் சொல்வது நம் வழக்கம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. சில ஆம்ப்கள் இரண்டிலும் ஓடும், பல ஆம்ப்கள் ஓடாது. செருகிய நொடியில் புகைந்துவிடும். பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். ப்ரீஆம்ப், பெடல் போன்றவை அடாப்டரிலோ பேட்டரியிலோ ஓடுவதால் அவற்றை அங்கிருந்து வாங்கலாம், ஆம்பை இங்கேயே வாங்குவது நல்லது. இரண்டாவது, ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில் "ம்ம்ம்" என்று ஹம் வரும். அதை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் விரல் உலோகத் தந்திமேல் இருக்கிறது, எர்த் இல்லாத ஆம்பில் கசிவு வந்தால் உயிருக்கே ஆபத்து. டிஐயில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைத் தட்டினால் பெரும்பாலும் ஹம் போகும், எர்த் அப்படியே இருக்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் வயலின், உங்கள் வில், உங்கள் பிக்கப், ப்ரீஆம்ப் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். சென்னையில் என்றால் அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் போன்ற பழைய கடைகளில் வாசித்துப் பார்த்து வாங்கலாம். கடைக்காரர் கிட்டார் வாசித்துக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு நீங்கள் வாசியுங்கள். தரையில் உட்கார்ந்தே வாசியுங்கள், வெட்கப்பட வேண்டாம், மேடையில் அப்படித்தானே உட்காரப் போகிறீர்கள். முதலில் மந்தர ஸ்தாயியில் நீண்ட வில் ஒன்று, ஒலி உறுமாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தாரஸ்தாயியில் மெல்லிய வில், காதைக் குத்துகிறதா? பிறகு ஒரு வேகமான கல்பனை ஸ்வரம். கடைசியாக வாசிப்பதை நிறுத்திவிட்டு, சத்தத்தை மேடை அளவுக்கு ஏற்றி, தந்திகளை உள்ளங்கையால் மூடாமல் சும்மா இருங்கள். அப்போது கூவாமல் இருக்கிறதா, இரைச்சல் எவ்வளவு என்பது தெரியும். இந்த நான்கிலும் தேறும் ஆம்பை வாங்கலாம், பெயர்ப்பலகை என்னவாக இருந்தாலும் சரி.

வாங்கும் வரிசை: இந்த மாதம் ப்ரீஆம்ப். அதை இருக்கிற காண்டாக்ட் மைக்கோடு தம்பியின் ஆம்பிலும், அடுத்த நிகழ்ச்சியில் சவுண்ட் சர்வீஸிலும் போட்டுப் பாருங்கள். ஒலி பிடித்திருந்தால் அடுத்து ஆக்டிவ் ஸ்பீக்கரோ லவுட்பாக்ஸோ. பிடிக்கவில்லையென்றால் முதலில் பிக்கப்பை மாற்றிவிட்டு அப்புறம் ஸ்பீக்கர். ப்ரீஆம்பில் பேட்டரி போட்டு ஓட்டுவதாக இருந்தால், வாசித்து முடித்ததும் இன்புட் ஜாக்கைக் கழற்றிவிடுங்கள். பல மாடல்களில் ஜாக் உள்ளே இருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். பையில் ஒரு புது 9 வோல்ட் பேட்டரி எப்போதும் இருக்கட்டும்.